ஆறாத ரணமும் நமது கடமையும்

வயோதிகப் பருவத்தில் தாய்க்கோ தந்தைக்கோ ரண சிகிச்சை செய்ய நேரும்போது, குடும்பத்தார் அஞ்சுவதெல்லாம் சிகிச்சை மேஜையின்மேல் கழியப்போகும் இரண்டொரு மணி நேரத்தைக் குறித்தே. மயக்கம் தெளிந்தது என்று கேட்டவுடன் பெருமூச்சு விடுகிறோம். உறவினருக்குச் செய்தி அனுப்புகிறோம். நேர்ந்துகொண்ட பிரார்த்தனைகளை நிறைவேற்றப் புறப்படுகிறோம். மெய்யான பரீட்சை அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறதென்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். ஐந்தாம் நாளோ பத்தாம் நாளோ தையலிட்ட இடம் சிவக்கிறது, தொட்டால் சுடுகிறது, சீழ் கசிகிறது, ஜுரம் ஏறுகிறது. ஒரு மருந்து கொடுத்தும் அடங்கவில்லை. இன்னொரு மருந்துக்கும் அசையவில்லை. "கிருமி மருந்துக்குக் கட்டுப்படவில்லை" என்று டாக்டர் சொல்லுகிறார். அந்த வாக்கியத்தைக் கேட்ட பிள்ளைகள், பணம் எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடுகிறோம் என்று சொல்லுவதைத் தவிர வேறொன்றும் அறியாதவர்களாய் நிற்கிறார்கள்.

இதனைத் தலைவிதி என்பார் சிலர். கிரக தோஷம் என்பார் சிலர். அந்த டாக்டரின் கைராசி என்பாரும் உண்டு. இவை எவையும் காரணமல்ல. ஒரு தேசத்தின் ஆஸ்பத்திரிகளும், மருந்துக் கடைகளும், சாக்கடைகளும், சர்க்காரும், ஜனங்களும் பல்லாண்டுகளாகச் சேர்ந்து செய்த காரியத்தின் பலன், ஒரு மூதாட்டியின் ரணத்தில் வந்து தங்குகிறது. ஆகவே, கட்டிலருகே பிள்ளைகள் செய்ய வேண்டியது ஒரு பாதி. ஊரறிய நாம் செய்ய வேண்டியது மற்றொரு பாதி. இரண்டையும் பற்றி இங்கே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

கிருமி கற்ற பாடம்

1928ல் லண்டன் நகரில் அலெக்ஸாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். அது மருந்தாகப் பரவுவதற்கு முன்னரே, 1940ல், ஆபிரகாம், செயின் என்னும் இரு விஞ்ஞானிகள் பெனிசிலினைச் சிதைக்கவல்ல ஒரு பொருளைச் சில கிருமிகள் உண்டாக்குவதை எடுத்துக் காட்டிவிட்டார்கள். 1945ல் நோபல் பரிசு பெற்றபோது பிளெமிங் நிகழ்த்திய பிரசங்கத்திலேயே, குறைந்த அளவில் மருந்தைக் கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். உலகம் பரிசைப் புகழ்ந்தது, எச்சரிக்கையை மறந்தது. பெனிசிலினுக்கு அடங்காத கிருமிக்கென்று மெத்திசிலின் என்ற மருந்து வந்த இரண்டொரு வருஷங்களிலேயே, 1961ல், அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் தென்பட்டது. இன்று ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று அழைக்கப்படுவது அதுவே.

இதில் மாயம் ஒன்றுமில்லை. கோடிக்கணக்கான கிருமிகளில் இயல்பாகவே சில, மருந்தைத் தாங்கும் சக்தியுடன் தோன்றுகின்றன. மருந்து விழுந்ததும் மற்றவை மடிகின்றன. தாங்குபவை மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. தாம் பெற்ற சக்தியை ஒரு கிருமி இன்னொரு ஜாதிக் கிருமிக்கும் கொடுக்க வல்லது. ஆகவே வேண்டாத இடத்தில் மருந்தைப் பிரயோகிக்கும் ஒவ்வொரு தடவையும், அடங்காத கிருமிக்கு நாமே வயலை உழுது நீர் பாய்ச்சிக் கொடுக்கிறோம்.

இதன் பலன் எவ்வளவு பெரிதென்பதற்கு ஒரு கணக்குப் போதும். 2019ஆம் வருஷத்தில் மருந்துக்கு அடங்காத கிருமிகளே நேர்க் காரணமாக உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று 2022ல் லான்செட் பத்திரிகையில் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டது. யுத்தமில்லை; பஞ்சமில்லை; பத்திரிகைகளில் பெரிய எழுத்துத் தலைப்பும் இல்லை. கட்டில் கட்டிலாக, வீடு வீடாக, ஓசையின்றி நிகழ்ந்த சாவு இது.

பெயரும் மானமும்

இந்த விஷயத்தில் நமது தேசத்துக்கு ஒரு தனிச் சரித்திரம் உண்டு. டில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் சென்ற ஒரு நோயாளியிடம் கண்ட கிருமியில், மிகவும் வீரியமான கார்பபெனெம் வகை மருந்துகளையும் சிதைக்கும் சக்தி இருப்பது 2009ல் வெளியிடப்பட்டது. அதற்கு டில்லியின் பெயரையே சூட்டி என்.டி.எம்.-1 என்றார்கள். 2010 ஆகஸ்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, சென்னையிலும் ஹரியானாவிலும் இங்கிலாந்திலும் அது பரவியிருப்பதைக் காட்டிற்று. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னை சர்வகலாசாலையைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி என்ற தமிழரே.

அப்போது டில்லியில் எழுந்த ஆரவாரத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நமது வைத்தியத் தொழிலைக் கெடுப்பதற்கு அந்நியர் செய்த சூழ்ச்சி என்று பார்லிமெண்டிலும் வெளியிலும் பேசப்பட்டது. ஒரு கிருமிக்கு ஒரு நகரத்தின் பெயரைச் சூட்டியது முறையல்ல என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் 2011ல், டில்லிக் குழாய்த் தண்ணீரில் எடுத்த 50 மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீரில் எடுத்த 171 மாதிரிகளில் 51லும் அந்தச் சக்திக்குரிய கூறு இருந்ததென்று வேறோர் ஆராய்ச்சி சொல்லிற்று. பெயரைப் பற்றிக் கொதித்தெழுந்த அளவுக்குத் தண்ணீரைப் பற்றி நாம் கொதித்தெழவில்லை. ஒரு தேசத்தின் மானம் அதன் ஆஸ்பத்திரிச் சுவர்களுக்குள் நோயாளி பத்திரமாக இருப்பதில் உள்ளது. பெயரை மாற்றிவிட்டால் எந்தத் தாயின் ரணமும் ஆறாது.

சென்னை இதில் பெருமைப்படத் தக்க காரியம் ஒன்றையும் செய்தது. 2012 ஆகஸ்டில் நாட்டின் பல வைத்தியச் சங்கங்களின் பிரதிநிதிகள் இங்கே கூடி, அடங்காத கிருமிகளை எதிர்க்கும் வழிகளைத் தொகுத்துச் சென்னைப் பிரகடனம் என்று வெளியிட்டார்கள். இந்நகர் டாக்டர் அப்துல் கபூர் அதற்கு முன்னின்று உழைத்தார். சூழ்ச்சி என்று கூச்சலிடுவதைக் காட்டிலும் இதுவே தேசபக்தி.

கட்டிலருகே செய்ய வேண்டியவை

இனி, தாயோ தந்தையோ இவ்வாறு படுத்திருக்கும்போது பிள்ளைகள் செய்யத் தக்கவை எவை என்று பார்ப்போம். வைத்தியம் டாக்டரின் வேலை. ஆயினும், கேட்கத் தெரிந்த குடும்பம் இருக்குமிடத்தில் வைத்தியமும் கவனமாக நடக்கும்.

முதலாவது, எந்தக் கிருமி என்று அறிவது. சீழையோ ரத்தத்தையோ எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினால், சாதாரணமாக இரண்டு மூன்று நாட்களில் கிருமியின் பெயரும், அது எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்ற ஜாபிதாவும் கிடைக்கும். புதிய ஆண்டிபயாடிக் மருந்தை ஆரம்பிப்பதற்கு முன் மாதிரி எடுத்தாயிற்றா என்று பணிவோடு கேளுங்கள். நோயாளி ஆபத்தான நிலையிலிருந்தால், மாதிரியை எடுத்துக்கொண்டு, முடிவுக்குக் காத்திராமல் டாக்டர் வீரியமான மருந்தைத் தொடங்குவார், அது சரியே. முடிவு வந்தபின் அதற்கேற்ற மருந்துக்கு மாற்றுகிறார்களா என்பதைக் கவனிக்க வேண்டும். புண்ணின் மேல்தோலைத் துடைத்தெடுத்த மாதிரியில் வெறுமனே தோலில் வாழும் கிருமியும் முளைக்கும். உள்ளிருந்து எடுத்த மாதிரியே நம்பத் தக்கது.

இரண்டாவது, மருந்து மட்டும் போதாது என்பதை உணர்வது. உள்ளே சீழ் கட்டியிருந்தால் அதைத் திறந்து வெளியேற்றாமல் எந்த ஊசியும் பலிக்காது. இடுப்பிலோ முழங்காலிலோ உலோகம் பொருத்தியிருந்தால், கிருமிகள் அதன்மேல் பாசி படர்வதுபோல் ஒரு படலம் கட்டிக்கொண்டு உள்ளே ஒளிந்திருக்கும். மருந்து அங்கே எட்டுவதில்லை. மறுபடி ரண சிகிச்சை வேண்டுமென்று டாக்டர் சொல்லும்போது, முதல் சிகிச்சை தவறாகிவிட்டதென்று எண்ணிச் சண்டையிடப் புறப்படாமல், காரணத்தைக் கேட்டுத் தெளிவதே விவேகம்.

மூன்றாவது, மருந்தின் விலையைக் கொண்டு அதன் தகுதியை மதிப்பிடாதிருப்பது. "இருப்பதிலேயே பெரிய ஊசியைப் போடுங்கள்" என்று கேட்பது பாசத்தின் அறிகுறியாக நமக்குத் தோன்றுகிறது. வான்கோமைசின், கொலிஸ்டின் போன்ற கடைசி மருந்துகள் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியவை. முதியோருக்கு இரத்தப் பரிசோதனை அடிக்கடி செய்துகொண்டே அவற்றைக் கொடுக்க வேண்டும். பரிசோதனையில் அடங்கும் என்று கண்ட எளிய மருந்தே சிறந்த மருந்து. அதைக் குறித்த அளவில், குறித்த வேளையில், டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரையில் கொடுப்பதே முறை. ஜுரம் தணிந்ததென்று நாமாக நிறுத்துவதும், பயந்து நாமாக நீட்டிப்பதும் ஒருங்கே குற்றம். ரண சிகிச்சைக்கு முன் காப்பாகக் கொடுக்கும் ஆண்டிபயாடிக்கைச் சிகிச்சை முடிந்தபின் தொடர வேண்டியதில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016ல் வகுத்த விதி, எத்தனையோ வீடுகளில் இன்னும் எட்டவில்லை.

நான்காவது, கை. 1847ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டில் கைகளைக் கழுவச் செய்து தாய்மாரின் சாவைக் குறைத்துக் காட்டினார். அக்காலத்து வைத்திய உலகம் அவரை ஏளனம் செய்தது. ஏறக்குறைய இருநூறு வருஷம் நெருங்கியும் அந்தப் பாடம் முடியவில்லை. சோப்பினால் 40 முதல் 60 விநாடி, அல்லது கட்டிலருகே வைத்த ஸ்பிரிட் திரவத்தால் 20 முதல் 30 விநாடி. நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும். இது டாக்டருக்கும் நர்ஸுக்கும் பொருந்தும். கஞ்சி கொண்டுவரும் மருமகளுக்கும் பொருந்தும். நலம் விசாரிக்கப் பத்துப் பேர் திரண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து காயத்தைத் தொட்டுப் பார்ப்பது நமது வழக்கம். அந்த அன்புக்கு வாயிற்படியிலேயே வந்தனம் கூறி அனுப்பிவிடுவது நோயாளிக்குச் செய்யும் உபகாரம். "கை கழுவினீர்களா?" என்று டாக்டரைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று கருத வேண்டாம்; நல்ல டாக்டர் அதற்காகக் கோபிப்பதில்லை.

ஐந்தாவது, ரத்தத்தில் சர்க்கரை. நீரிழிவுள்ளவருக்கு அது கட்டுக்கடங்காதவரை ரணமும் எளிதில் ஆறாது. பசியில்லை என்று வெறும் கஞ்சித் தண்ணீரோடு நாட்களைக் கடத்துவதும் ஆகாது. தசை வளர்வதற்குப் பருப்பு, முட்டை, பால் முதலியவற்றின் சத்து வேண்டும். எவ்வளவு என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளலாம். முதியோருக்குச் சில சமயம் ஜுரமே காணாமல், திடீரென்று புத்தி தடுமாறுவதும், ஓயாமல் உறங்குவதுமே கிருமி இரத்தத்தில் பரவியதன் முதல் அடையாளமாயிருக்கும். "வயசாகிவிட்டது, ஏதோ உளறுகிறார்" என்று விட்டுவிடாமல் அந்தக் கணமே தெரிவிக்க வேண்டும்.

எமது இல்லத்திலேயே இதைக் கண்டோம். எம் தாயாருக்கு இடுப்பெலும்பு முறிந்து உலோகம் பொருத்திய ஒன்பதாம் நாள் சீழ் கண்டது. கல்ச்சர் முடிவில் பதினான்கு மருந்துகளின் பெயருக்கெதிரே பன்னிரண்டில் அடங்காது என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை ரணத்தைத் திறந்து கழுவினார்கள். ஆறு வாரம் நரம்பில் மருந்து ஏறிற்று. அந்த ஆறு வாரமும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஜுரம், மருந்து வேளை, சிறுநீரின் அளவு, டாக்டர் சொன்ன வார்த்தை ஆகியவற்றைத் தம்பி எழுதி வந்தார். ஷிப்டு மாறியபோது ஒரு வேளை ஊசி விடுபட்டதை அந்த நோட்டே காட்டிக் கொடுத்தது. தாயார் இன்று கைத்தடியூன்றி நடக்கிறார். அடுத்த கட்டிலில் அதே வியாதியோடு இருந்த பெரியவர் வீடு திரும்பவில்லை. இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம், இரண்டு மருந்துகளாவது மிஞ்சியிருந்தனவா என்பதுதான்.

தனி அறையும் தீண்டாமையும்

இத்தகைய நோயாளியைத் தனி அறையில் வைத்து, உள்ளே வருவோர் கையுறையும் மேலங்கியும் அணிய வேண்டுமென்று விதிப்பார்கள். மற்ற நோயாளிகளைக் காப்பதற்காகச் செய்யும் ஏற்பாடு இது. ஆனால் வாழ்நாளெல்லாம் பத்துப் பேர் நடுவே இருந்த ஒரு முதியவள், தன்னைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று எண்ணிச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். வீட்டுக்கு வந்த பிறகும், குழந்தைகளை அண்டவிடாமலும், தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைத்தும், சிலர் ஒரு புதிய தீண்டாமையை உண்டாக்கிவிடுகிறார்கள். தீண்டாமையை ஒழிக்கப் பாடுபட்டவர்களின் வீடுகளில் இது நடக்கலாகாது. ஆரோக்கியமுள்ளவர்களுக்கு இக்கிருமிகளால் நேரும் அபாயம் பெரும்பாலும் சொற்பம். கை கழுவி, காயத்தை மூடிக் கட்டி, கட்டுத் துணிகளைக் கவனமாக அப்புறப்படுத்தினால் பேரன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். வீட்டில் கைக்குழந்தையோ, தேகபலம் குன்றிய நோயாளியோ இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டு நடக்க வேண்டும்.

நோயாளியிடம் உண்மையை மறைப்பதும் தகாது. எத்தனை நாள் ஆகும், மறுபடி திறக்க வேண்டுமா, வேண்டாமென்றால் என்ன நேரும் என்பவற்றை அவருக்கே விளக்கி, அவர் இஷ்டத்தைக் கேட்க வேண்டும். தேகம் அவருடையது. நகையை விற்பதா, நிலத்தை அடமானம் வைப்பதா என்று பிள்ளைகள் வெளியே கூடிப் பேசுவதை அவர் அறியாமலில்லை. அந்த வேதனை ரணத்தின் வேதனைக்குக் குறைந்ததன்று.

சட்டமும் நடைமுறையும்

கல்ச்சர் முடிவின் நகலைக் கேட்டால், கொடுப்பது வழக்கமில்லை என்று சில ஆஸ்பத்திரிகளில் சொல்லுவார்கள். எமக்கும் அவ்வாறே சொல்லப்பட்டது. வழக்கம் எதுவாயினும் விதி வேறு. 2002ஆம் வருஷத்திய இந்திய மெடிகல் கவுன்ஸில் ஒழுக்க விதிகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் சிகிச்சைக் குறிப்புகளை 72 மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும். கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதென்று சுப்ரீம் கோர்ட் 1995லேயே தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால், ரணத்தில் கிருமி புகுந்ததாலேயே அஜாக்கிரதை நிரூபணமாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எவ்வளவு கவனமாயிருந்தாலும் சிலருக்கு அது நேரும். குறிப்புகள் கையிலிருந்தால்தான் நேர்ந்தது விபத்தா, கவனக்குறைவா என்று நியாயமாக ஆராயலாம்.

மருந்துக் கடைகளின் நிலையோ இன்னும் விசித்திரமானது. 2014 மார்ச் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்த எச்-1 பட்டியலின்படி, வீரியமான பல ஆண்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு முதலியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையின்மேல் சிவப்புக் கோடிட்ட மருந்து எதற்கும் சீட்டு வேண்டும். சட்டம் இவ்வளவு தெளிவாயிருக்க, ஜலதோஷத்துக்கு நான்கு மாத்திரை என்று வாய்ச்சொல்லிலேயே வாங்கிப் போகும் காட்சி எந்த ஊரில் இல்லை? அண்டை ராஜ்யமாகிய கேரளம் 2024 ஜனவரியில் இதைத் தடுக்கக் கடைகளில் திடீர்ச் சோதனைகளைத் தொடங்கியது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

மருந்து செய்யும் ஆலைகளின் கழிவும் கவனிக்கத் தக்கது. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் சுத்திகரித்து வெளிவிட்ட நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை ஸிப்ரோபிளாக்ஸஸின் இருந்ததாக 2007ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டது. அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைக் காட்டிலும் அது அதிகம். உலகுக்கெல்லாம் மலிவான மருந்து செய்து கொடுக்கிறோம் என்ற பெருமை நியாயமானதே. அம்மருந்துகளைப் பயனற்றவையாக்கும் கிருமிகளையும் நமது ஓடைகளிலேயே வளர்ப்போமானால், அந்தப் பெருமை எத்தனை நாள் நிற்கும்?

தேசத் தொண்டர்களுக்கு

இங்கிலாந்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி இரத்தத்தில் கலந்த நோயாளிகளின் கணக்கை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் வெளியிட வேண்டுமென்று 2001ல் விதித்தார்கள். 2004ல் அதைப் பாதியாகக் குறைப்பதென்று தீர்மானித்தார்கள்; நான்கைந்து வருஷங்களில் பாதிக்கும் கீழே குறைந்தது. புது மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடித்துவிடவில்லை. கணக்கு பகிரங்கமானதால் வெட்கம் வந்தது. வெட்கம் வந்ததால் கைகள் கழுவப்பட்டன. ஆங்கிலேயரிடமிருந்து வேண்டாதவற்றை எத்தனையோ கற்றுக்கொண்ட நாம், இந்த நல்ல வழக்கத்தையும் கற்கலாம்.

நமது ராஜ்யத்திலும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும், சர்க்காருடையதாயினும் தனியாருடையதாயினும், ரண சிகிச்சை பெற்றவர்களில் எத்தனை பேருக்குக் கிருமி புகுந்தது என்ற கணக்கை வருஷந்தோறும் வாயிலில் எழுதி வைக்கட்டும். ஜில்லா தலைநகர் ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் கல்ச்சர் பரிசோதனை இலவசமாகவும் தாமதமின்றியும் கிடைக்கட்டும். சட்டசபை அங்கத்தினர்களை இதற்காகக் கேளுங்கள். முனிசிபல் கூட்டங்களில் தீர்மானம் கொண்டு வாருங்கள். உங்கள் தெரு மருந்துக் கடைக்காரரிடம் பதிவேட்டைப் பற்றி நயமாக விசாரியுங்கள். கொடி பிடிப்பதற்கும் கோஷமிடுவதற்கும் இடமில்லாத தொண்டு இது. ஆயினும் ஒரு வருஷம் பொறுமையாகச் செய்தால், உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அடுத்து வந்து படுக்கும் தாய்க்கு ஒரு மருந்தாவது மிஞ்சியிருக்கும்.

பெற்றோரைக் காப்பது பிள்ளையின் கடன் என்பதில் தமிழருக்குள் அபிப்பிராய பேதமில்லை. நம் பெற்றோரை மட்டும் காத்துக்கொள்ள முடியாத காலம் வந்துவிட்டது என்பதே இக்கிருமிகள் நமக்குச் சொல்லும் செய்தி. ஊரார் பெற்றோரையும் சேர்த்துக் காத்தாலன்றி நம் வீட்டுக் கட்டிலும் தப்பாது.